பத்து அணிகளும் ஏழு சனிக்கிழமைகளும்

திருமணத்துக்கு நாள் குறித்துக் கொடுக்க ஊரில் சோதிடர் இருக்கிறார். திருவிழாவுக்கு நாள் சொல்லக் கோயிற் குருக்கள் இருக்கிறார். ஆனால், பத்துப் பாடசாலைகள் ஒன்றுகூடி உதைபந்து ஆடுவதென்றால், யார் யாரோடு, எந்த நாளில், எந்த மைதானத்தில் ஆடுவது என்று குறித்துக் கொடுக்க எவர் இருக்கிறார்? பெரும்பாலும் அந்தப் பொறுப்பு கணிதம் படிப்பிக்கும் ஆசிரியரின் தலையிலேயே வந்து விழுகிறது. “உங்களுக்குத்தான் எண்களோடு நல்ல பழக்கமாயிற்றே, சேர்!” என்று சொல்லி, ஒரு தாளையும் பென்சிலையும் கையிற் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் தேநீர் அருந்தப் போய்விடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாளும் பென்சிலும் என் கைக்கு வந்தன. பதுளைப் பக்கத்தில் ஆறு பாடசாலைகள் தமக்குள் ஒரு சுற்றுப்போட்டியை நடத்தி வந்தன. ஆறு அணிகள் என்றால், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தையும் ஒருமுறை சந்திக்க ஐந்து சனிக்கிழமைகள் போதும். ஆட்டங்கள் மொத்தம் 15. அந்த ஆண்டு மேலும் நான்கு பாடசாலைகள் சேர விரும்பின. அவற்றுட் சில, மலையுச்சித் தோட்டங்களை அடுத்தவை. எல்லோரும் மகிழ்ந்து வரவேற்றோம். பிறகுதான் கணக்கைப் பார்த்தோம். பத்து அணிகளும் ஒன்றையொன்று சந்திப்பதானால் ஆட்டங்கள் 45, சனிக்கிழமைகள் 9. தவணையில் எமக்குக் கிடைத்த சனிக்கிழமைகளோ ஏழு.

நான் சீட்டுக் குலுக்கினேன். எவருக்கும் பட்சபாதம் காட்டாத முறை அதுவே என்று எண்ணினேன். சீட்டு, ஒரு தோட்டப் பாடசாலைக்கு அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகளிலும் வெளியூர் ஆட்டங்களைக் கொடுத்தது. முதல் இரண்டுக்கும் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை எதிரணி மைதானத்தில் நெடுநேரம் காத்து நின்றது, அவர்கள் வரவில்லை. விதிப்படி எதிரணிக்கு வெற்றி எழுதப்பட்டது. திங்கட்கிழமை அந்த அணிக்குப் பொறுப்பான ஆசிரியர் என்னைத் தேடி வந்தார்.

“வரக்கூடாது என்று நினைக்கவில்லை, சேர். இரண்டு கிழமையும் பஸ்காசு கொடுத்த தாய்மாரிடம் மூன்றாம் முறையும் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருஷம் எங்களைச் சேர்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசை காட்டி ஏமாற்றுவது பாவம்” என்றார்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ மெல்லிய குரலிற் பேசினார். சீட்டு பட்சபாதம் காட்டவில்லை என்பது மெய்தான். ஆனால் அது தூரத்தையும் பார்க்கவில்லை, தாய்மாரின் கைப்பணத்தையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, பல அணிகள் சேர்ந்தாடும் போட்டிகளுக்கு உலகத்தார் எவ்வாறு அட்டவணை வகுக்கிறார்கள் என்று தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுட் சிலவற்றை மாணவர்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது பயன் தரும் என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

பெரிய நாட்டிலும் இதே சிக்கல்

இந்தச் சிக்கல் மிகப் பெரிதாக எழுந்த இடம் அமெரிக்கா. அங்கே புட்போல் என்று சொல்வது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. நீண்ட முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடுகின்ற, றக்பிக்கு உறவான ஓர் ஆட்டம். பல்கலைக்கழகங்கள் சங்கங்களாகச் சேர்ந்து தமக்குள் ஆடுகின்றன. தொலைக்காட்சி கொட்டிக் கொடுக்கும் பணத்தை நாடி, அண்மைக் காலத்தில் அச்சங்கங்கள் மளமளவென்று பெருத்துவிட்டன. ‘பெரிய பத்து’ என்று பெயர் பூண்ட சங்கத்தில் 2024ஆம் ஆண்டிலிருந்து 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன! அத்திலாந்திக் கரையோரச் சங்கம் என்பதில், பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்ட், கலிபோர்னியா ஆகிய பல்கலைக்கழகங்கள் அதே ஆண்டிற் சேர்ந்துகொண்டன. பெயர் ஒரு கரையில் நிற்க, அணிகள் மறு கரையிலும் நிற்கின்றன.

அந்த ஆட்டம் உடலை மிகவும் வருத்துவது. ஆகவே ஓர் அணி ஒரு பருவத்தில் வழக்கமாக ஆடுவது 12 ஆட்டங்களே. அவற்றுள்ளும் சங்கத்துக்குள் ஆடுபவை எட்டு அல்லது ஒன்பது. பதினேழு தோழர்களையும் ஒன்பது ஆட்டங்களில் எவ்வாறு சந்திப்பது? முடியாது. எனவே யாரை ஆண்டுதோறும் சந்திப்பது, யாரை முறைவைத்துச் சந்திப்பது என்று தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று.

இவ்விடயத்தில் தென்கிழக்குச் சங்கத்தின் வரலாறு நல்ல பாடம். 2012 முதல் 2023 வரை அச்சங்கத்தில் 14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு பிரிவுகளில் இருந்தன. பெருந்தொற்று ஆண்டாகிய 2020 நீங்கலாக, ஓர் அணிக்கு எட்டு ஆட்டங்கள்: தன் பிரிவில் ஆறு, மறு பிரிவிலுள்ள ஒரு நிலையான எதிரணியோடு ஒன்று, மறு பிரிவின் எஞ்சிய ஆறு அணிகளுள் முறைவைத்து ஒன்று. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு அணிகளுள் ஆண்டுக்கு ஒன்று என்றால், ஒரே அணியை மறுபடி சந்திக்க ஆறு ஆண்டுகள் செல்லும். அதே அணி நம் மைதானத்துக்கு வர 12 ஆண்டுகள் செல்லும். நான்கு ஆண்டு படிக்கும் மாணவன், தன் சங்கத்தைச் சேர்ந்த சில அணிகளைத் தன் மைதானத்தில் ஒருமுறையேனும் காணாமலே பட்டம் பெற்றுப் போய்விடுவான். இதைச் சங்கம் என்று சொல்லலாமா?

2024இல் டெக்சஸ், ஒக்லஹோமா ஆகிய இரண்டும் சேர, அணிகள் 16 ஆயின. பிரிவுகள் நீக்கப்பட்டன. 2026 பருவத்திலிருந்து ஒன்பது ஆட்டங்கள் என்று 2025இல் முடிவு செய்தார்கள். மூன்று எதிரணிகள் நிலையானவை. எஞ்சிய பன்னிரண்டில் ஆண்டுக்கு ஆறு. எனவே இரண்டு ஆண்டுகளில் எல்லா அணிகளையும் ஒருமுறையேனும் சந்தித்துவிடலாம். நான்கு ஆண்டுகளில், எல்லா அணிகளும் ஒருமுறையேனும் நம் மைதானத்துக்கு வந்துவிடும். ஒரு மாணவனின் படிப்புக்காலத்தை அளவுகோலாகக் கொண்ட இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நிலையான எதிரணி என்பதை ஏன் வைத்தார்கள்? பழைய போட்டிகளுக்கு உயிர் உண்டு என்பதனாலேயே. யாழ்ப்பாணத்தில் 1904இல் தொடங்கிய ‘வடக்கின் சமர்’ இல்லாமல் மத்திய கல்லூரி மாணவரோ சென். ஜோன்ஸ் கல்லூரி மாணவரோ ஓர் ஆண்டைக் கழிக்க இசைவார்களா? அமெரிக்காவில் அப்படியொரு போட்டி அறுந்தே போயிற்று. டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகமும் 1894 முதல் மோதி வந்தவை. பின்னது 2012இல் வேறு சங்கத்துக்குப் போய்விட்டதால், 2011க்குப் பின் அவை சந்திக்கவேயில்லை. இரண்டும் ஒரே சங்கத்தில் மறுபடி சேர்ந்த 2024இல்தான் அந்த ஆட்டம் மீண்டது. இடையில் அங்கே படித்து வெளியேறிய மாணவர்களுக்கு அந்த நாள் இல்லாமலே போயிற்று.

நமக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றும் உண்டு. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பார்க்கும் ஐ.பி.எல். கிரிக்கெட்டில், 2022இல் குஜராத், லக்னோ அணிகள் சேர்ந்து எட்டு பத்தாயிற்று. ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பதையும் இருமுறை சந்திப்பதானால் 18 ஆட்டங்கள், மொத்தம் 90. அத்தனைக்கு நாட்கள் இல்லை. ஆகவே ஐந்து அணிகளை இருமுறையும் நான்கு அணிகளை ஒருமுறையும் சந்திப்பது என்று வகுத்தார்கள். ஆளுக்கு 14 ஆட்டம், மொத்தம் 70.

நீக்க முடியாத சுமை

இதுவரை, யார் யாரைச் சந்திப்பது என்பதைப் பார்த்தோம். என்னைத் தலைகுனிய வைத்தது மற்றொரு கேள்வி: யார் யாருடைய ஊருக்குப் போவது?

ஒரு வாரம் சொந்த மைதானம், மறு வாரம் வெளியூர், அடுத்த வாரம் மீண்டும் சொந்த மைதானம் என்று எல்லா அணிகளுக்கும் மாறி மாறி வருமாறு அமைத்துவிட்டால் குறையே இராது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்துப் பல தாள்களைக் கிழித்தெறிந்தேன். அது இயலாத காரியம் என்பதைப் பின்னர் அறிந்தேன். காரணம் மிக எளியது. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும்.

தவறாமல் மாறி மாறி வரும் ஒழுங்குகள் இரண்டே: ஒன்று சொந்த மைதானத்தில் தொடங்குவது, மற்றது வெளியூரில் தொடங்குவது. ஒரே ஒழுங்கையுடைய இரண்டு அணிகள் ஒருநாளும் சந்திக்க முடியாது. ஏனெனில், ஒன்று சொந்த ஊரில் இருக்கும் நாளில் மற்றதும் தன் ஊரில் இருக்கும். ஒன்று வெளியே போகும் நாளில் மற்றதும் வெளியே போயிருக்கும். எனவே எல்லோரும் எல்லோரையும் சந்திக்கும் சுற்றில், அந்த இரண்டு ஒழுங்குகளையும் இரண்டே அணிகள்தாம் பெறலாம். பத்து அணிகளுள் மற்ற எட்டுக்கும் எங்கேனும் ஓரிடத்தில் ஒழுங்கு முறிந்தே தீரும். அடுத்தடுத்து இரண்டு நாள் வெளியூரோ, இரண்டு நாள் சொந்த மைதானமோ வந்தே தீரும். அணிகளின் தொகை இரட்டைப்படை எண்ணாயின், அத்தொகையில் இரண்டு குறைந்த அளவுக்கு முறிவுகள் உண்டு என்பதையும், அதற்கு மேல் வராமல் அமைக்கலாம் என்பதையும் சுவிற்சர்லாந்துக் கணித அறிஞர் டொமினிக் டி வெர்ரா 1980களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார்.

இது கணிதம் சொல்லும் செய்தி. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. சுமையே இல்லாத அட்டவணை எவருக்கும் வாய்க்காது. ஆனால் ஒருவர் தலையில் மூன்று சுமையை ஏற்றாமல், ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட முடியும். இவ்வாண்டு சுமந்தவருக்கு அடுத்த ஆண்டு இறக்கிவைக்கவும் முடியும். என் சீட்டுக் குலுக்கல் அதைத்தான் செய்யத் தவறியது.

ஊவா மலைகளுக்கு ஓர் அட்டவணை

இனி, பத்து அணிகளையும் ஏழு சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொள்வோம். எளிதில் விளங்குவதற்காகப் பாடசாலைகளை விட்டு ஊர்ப்பெயர்களால் சொல்கிறேன்.

1924இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி-எல ஆகிய ஐந்தும் அந்தப் பாதையில் உள்ளவை. அவை ஒரு குழு. பதுளைக்குக் கிழக்கே புகையிரதம் இல்லை, பஸ்ஸே கதி. மடுல்சீமை, லுணுகலை, பசறை, நமுனுகுலை ஆகிய நான்கோடு பதுளையையும் சேர்த்தால் மற்றொரு குழு. ஒவ்வொரு குழுவுக்குள்ளும், சொன்ன வரிசையில் 1 முதல் 5 வரை எண் கொடுப்போம். குழுவுக்குள் நடக்கும் ஆட்டங்கள் இவை. முன்னே நிற்கும் எண்ணுக்கு உரிய ஊரில் ஆட்டம்:

முதல் வாரம்: 2–5, 4–3, ஓய்வு 1.
இரண்டாம் வாரம்: 3–1, 5–4; ஓய்வு 2.
மூன்றாம் வாரம்: 4–2, 1–5, ஓய்வு 3.
நான்காம் வாரம்: 5–3, 2–1, ஓய்வு 4.
ஐந்தாம் வாரம்: 1–4, 3–2, ஓய்வு 5.

மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்: ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஆட்டம் சொந்த ஊரில், இரண்டு வெளியூரில், மாறி மாறி வருகின்றன. ஓய்வு என்று எழுதினேன். உண்மையில் அன்று சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு குழுவில் ஓய்வு பெறும் அணி, மறு குழுவில் அதே நாளில் ஓய்வு பெறும் அணியோடு ஆடட்டும். அதுவே அதன் நிலையான எதிரணி. ஹாலி-எலவும் பதுளையும் அண்டை ஊர்கள். இரண்டும் 5ஆம் எண்கள். பொருத்தம் நன்றாக அமைகிறது. அப்புத்தளையும் மடுல்சீமையும் 1ஆம் எண்கள்; அவற்றுக்கிடையே தூரம் அதிகம். அவை நடுவழியாகிய பதுளையிற் சந்திக்கட்டும். டெக்சஸும் ஒக்லஹோமாவும் கூட நெடுங்காலமாக இடைவழியிலுள்ள டலஸ் நகரிலேதான் ஆடுகின்றன.

ஐந்து வாரங்கள் முடிந்தன. ஆளுக்கு ஐந்து ஆட்டங்கள். எஞ்சிய இரண்டு சனிக்கிழமைகளில், மறு குழுவின் மற்ற நான்கு அணிகளுள் இரண்டைச் சந்திக்க வேண்டும். ஒரு வாரம் புகையிரதக் குழுவார் எல்லோரும் கிழக்கே போகட்டும். மறு வாரம் கிழக்குக் குழுவார் எல்லோரும் மேற்கே வரட்டும். அடுத்த ஆண்டு எஞ்சிய இரண்டு அணிகளின் முறை. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் மைதானங்களை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகளில் எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிடுவார்கள். எந்த அணிக்கும் ஓர் ஆண்டில் ஒரு நெடும்பயணம், மிஞ்சினால் இரண்டு. நிலையான ஆட்டம் எந்த ஊரில் என்பதைச் சிறிது கவனித்து எழுதினால், அடுத்தடுத்து மூன்று பயணம் எவருக்கும் வராது. இதை நான் வரிவரியாக எழுதிச் சரிபார்த்திருக்கிறேன்.

எல்லோரும் எல்லோரோடும் ஒரே ஆண்டில் ஆடாதபோது புள்ளிகளை மட்டும் எண்ணி முதலிடம் கொடுப்பது சரியாகாது. ஆதலின், குழுவுக்கு ஒருவராக முதல்வர் இருவரையும் இறுதியாட்டத்தில் மோதவிடுவதே முறை.

மழையும் மாலைப் பொழுதும்

எண்கள் இத்தனை சொன்னாலும், மலைநாட்டில் இறுதிச் சொல்லைச் சொல்வது மழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை, மலையின் மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பொழியும்போது, ஊவாச் சரிவுகளில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருகின்ற அந்தக் காற்றே நமது மைதானங்களையும் காயவைக்கிறது. ஆட்டத்துக்கு ஏற்ற காலம் அதுவே. ஒக்டோபர் பிறந்துவிட்டால் நிலைமை வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில், பதுளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்து பலர் மாண்டனர். மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. ஆகவே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பிள்ளைகளை மலைப்பாதையில் அனுப்பும் ஆட்டம் எதையும் அட்டவணையில் எழுதக் கூடாது. வறண்ட காலத்திலும் மழைக்கென ஒரு நாளைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது. தவணைப் பரீட்சை நாட்களையும், தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் திருவிழா நாட்களையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மறு ஆண்டு இந்த முறையில் ஓர் அட்டவணை எழுதினேன். கூட்டத்துக்குக் கொண்டு செல்லுமுன், அந்தத் தோட்டப் பாடசாலை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். எண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ஆட்டம் எத்தனை மணிக்கு, சேர்?” என்றார்.

“வழக்கம்போல் பிற்பகல் மூன்றரைக்கு.”

“எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் பிள்ளைகள் இருட்டில் தேயிலை மலைக்குள்ளால் நடக்க வேண்டும்.”

மூன்று மாதம் முயன்று எழுதிய அட்டவணையில் அந்த ஒரு வரி இல்லாமற் போயிருந்தது. ஆட்டங்களைக் காலை பத்து மணிக்கு மாற்றினோம். அதனால் மற்றவர்களுக்குச் சிறிது சிரமந்தான், எவரும் மறுக்கவில்லை.

மாணவர்களே, நாளை நீங்களும் எங்கேனும் ஒரு சங்கத்தில், ஓர் அலுவலகத்தில், ஓர் ஊர்ச்சபையில் பலருக்கு முறை வகுக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். கணக்கை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். எது முடியும், எது முடியாது என்று அது பொய் சொல்லாமற் கூறும். எழுதி முடித்ததும், எல்லோருக்கும் கடைசியில் இருப்பவர் எவரோ, அவரிடம் முதலிற் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் ஏழு ஆட்டங்களுக்கும் வந்தார்கள். ஆறில் தோற்றார்கள், ஒன்றில் வென்றார்கள். வென்ற அன்று, பொழுது சாயுமுன்பே வீடுபோய்ச் சேர்ந்து தாய்மாரிடம் அதைச் சொன்னார்களாம்.